மணல்மேடுகளுக்கு நடுவே கோல்ஃப்: லிங்க்ஸ் மைதானத்தில் முதல் ஆட்டம்

டிவியில் பார்க்கிற கோல்ஃபில் பெரும்பாலும் பந்து உயரே போய், கிரீனில் (குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய பகுதி) விழுந்து, சட்டென்று நின்றுவிடும். ஸ்காட்லாந்து, அயர்லாந்து கடலோர லிங்க்ஸ் மைதானங்களில் அதை எதிர்பார்க்காதீர்கள். அடியில் மணல் என்பதால் மழைநீர் உடனே வடிந்துவிடும். தரை கெட்டியாக இருக்கும், விழுந்த பந்து ஓடிக்கொண்டே இருக்கும். காற்றைத் தடுக்க மரங்களும் அநேகமாக இருக்காது. புதியவர்களுக்கு இது நல்ல செய்திதான். பந்தைத் தூக்கி அடிக்கத் தெரியாவிட்டாலும் இங்கே ஆடலாம்.

படி 1: இடம்
ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரிலுள்ள ஓல்ட் கோர்ஸ் மைதானத்தில் ஆட ஹேண்டிகேப் (ஆட்டத்திறனைக் காட்டும் எண்) சான்று கேட்பார்கள். அதே ஊரில் புதியவர்களுக்கென்றே 9 குழிகள் கொண்ட பால்கோவ் மைதானம் இருக்கிறது. அங்கே தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஓல்ட் கோர்ஸில் ஆட்டம் கிடையாது, யார் வேண்டுமானாலும் உள்ளே நடக்கலாம். அதன் பங்கர்களை (மணல் பள்ளங்களை) அன்றைக்குக் கிட்டப்போய்ப் பார்த்துவிடுங்கள்.

படி 2: காற்று
கொஞ்சம் புல்லைக் கிள்ளிப் பறக்கவிட்டுத் திசை பாருங்கள். எதிர்க்காற்றா? 7 ஐயன் (ஐயன் என்பது இரும்பு மட்டை, எண் குறைந்தால் பந்து அதிக தூரம் போகும்) எடுக்கும் தூரத்துக்கு 5 ஐயன் எடுத்து, நிதானமாக அடியுங்கள். வேகமாக அடித்தால் பந்தின் பின்சுழற்சி கூடும். மேலே ஏறி, காற்றில் மாட்டி, பாதியிலேயே விழும்.

படி 3: தரையோடு ஓட்டுவது
பயிற்சி நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள். கிரீனுக்கு முப்பது, நாற்பது கஜம் இருக்கும்போது 7 அல்லது 8 ஐயனை எடுங்கள். கால்களை நெருக்கி வைத்து, பந்தை வலது பாதத்துக்கு நேராகக் கொண்டுவாருங்கள் (இடது கைக்காரர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்). எடை முன்காலில், கைகள் பந்துக்குச் சற்று முன்னால். மணிக்கட்டை மடக்காமல், புட்டரால் (கிரீனில் பந்தை உருட்டும் மட்டை) தட்டுவதுபோலவே தட்டுங்கள். பந்து கொஞ்ச தூரம் பறந்து, மீதியை ஓடிக் கடக்கும். கொடியைப் பார்க்காதீர்கள். பந்து எங்கே விழ வேண்டும், அங்கிருந்து மேடு எந்தப் பக்கம் சரிகிறது என்று பாருங்கள். கிரீனை ஒட்டி வந்துவிட்டால், புல் ஒட்ட வெட்டியிருக்கும் வரை, வெளியிலிருந்தே புட்டரை எடுக்கலாம். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

படி 4: பங்கர்
புல்கட்டிகளை அடுக்கிச் சுவர் எழுப்பிய பங்கர்கள், உறைகிணறு மாதிரி. ஓல்ட் கோர்ஸில் மட்டும் 112 இருக்கின்றன. 1978இல் இங்கே நடந்த ஓப்பன் போட்டியில் ஜப்பானின் டாமி நகஜிமா 17ஆம் குழியில் கிரீனை எட்டியும், புட் செய்த பந்து உருண்டு பங்கரில் இறங்கிவிட்டது. வெளியே எடுக்க 4 முறை அடிக்க வேண்டியிருந்தது, அந்தக் குழிக்கு மொத்தம் 9 முறை. எனவே முன்சுவர் உயரமாக இருந்தால் வீரம் வேண்டாம். பக்கவாட்டிலோ பின்னாலோ அடித்து வெளியே வாருங்கள். அதுவும் முடியாதா? அடித்த எண்ணிக்கையில் 2 கூட்டும் அபராதத்தை ஏற்று, பங்கருக்கு வெளியே பின்னால் பந்தைப் போட்டு ஆட விதி இடம் தருகிறது.

படி 5: கண்ணுக்குத் தெரியாத கிரீன்
அயர்லாந்தின் லஹிஞ்ச்சில் டெல் என்ற குழியின் கிரீன் மணல்மேட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. மேட்டின் மேல் வைத்த வெள்ளைக் கல்தான் குறி. இப்படிப்பட்ட இடங்களில் முன்னே ஆடுபவர்கள் விலகும்வரை காத்திருங்கள். பந்து நீண்ட புல்லுக்குள் போன சந்தேகம் இருந்தால், தேடப் போகும் முன்பே சொல்லிவிட்டு மாற்றுப் பந்து ஒன்றை அடித்து வையுங்கள். 2019 முதல் தேட 3 நிமிடம்தான்.