பெந்தக்கோஸ்துக்கு மறுநாள் எந்த வாரம்? செபப் புத்தகம் தொகுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 மே கடைசியில், பர்மாவில் எங்கள் யாங்கோன் கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்த இரண்டு பிள்ளைகள் ஒரு அச்சுப்படியோடு வீட்டுக்கு வந்தார்கள். ஜூன் முதல் நவம்பர் வரை வார நாட்களில் குடும்பமாகச் சொல்வதற்கான தமிழ்ச் செபப் புத்தகம். எழுத்துப் பிழை கிடையாது, பக்கங்களும் பார்க்க அழகாக இருந்தன. பெந்தக்கோஸ்து ஞாயிறுக்கு (தூய ஆவி இறங்கிய பெருவிழா) மறுநாள், ஜூன் 9ஆம் தேதிக்கு மேலே ‘பொதுக்காலம் 9ஆம் வாரம்’ என்று போட்டிருந்தார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஆறு வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறு, எண் உட்பட அதேதான்.

தவக்காலத்தில் அல்லேலூயா சேர்ப்பது போன்றவற்றை இங்கே எடுக்கவில்லை. அதையெல்லாம் முதல் நாளே யாராவது பார்த்துச் சொல்லிவிடுவார்கள். யார் கண்ணிலும் படாமல் ஆறு மாதம் ஓடுகிற தவறுகள்தான் என்னை உறுத்துகின்றன.

வாரத்தை முன்னாலிருந்து எண்ணுவது

தவக்காலம், பாஸ்கா காலம் போன்ற சிறப்புக் காலங்கள் போக மீதி இருப்பதுதான் பொதுக்காலம். அது இரண்டு துண்டாக வருகிறது. ஆண்டவரின் திருமுழுக்கு விழாவுக்குப் பிறகு தொடங்கி, திருநீற்றுப் புதனுக்கு முந்தின நாள் நின்றுவிடும். தவக்காலமும் பாஸ்கா காலமும் முடிந்து, பெந்தக்கோஸ்துக்கு மறுநாள் திரும்பத் தொடங்கும். முதல் துண்டு 8ஆம் வாரத்தில் நின்றால் அடுத்தது 9 என்றுதான் யாருக்கும் தோன்றும். எக்ஸெல்லில் எண்ணைப் போட்டுக் கீழே இழுத்துவிட்டால் வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் திருச்சபை அப்படி எண்ணுவதில்லை. கடைசி வாரம் எப்போதும் 34. திருவருகைக்காலத்துக்கு (கிறிஸ்து பிறப்புக்கு முந்தின தயாரிப்புக் காலம்) முந்தின ஞாயிறான கிறிஸ்து அரசர் பெருவிழாவோடு தொடங்கும் வாரம் அது. அங்கிருந்து பின்னோக்கித்தான் எண்ணி வர வேண்டும். சில ஆண்டுகளில் பொதுக்காலத்துக்கு 34 வாரமும் கிடைக்கும், சில ஆண்டுகளில் 33தான். 33 வரும் ஆண்டில் நடுவில் ஒரு வாரம் விழுந்துவிடும். ஆண்டு முடிவின் வாசகங்கள் விழக்கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

2018இல் நான் முதன்முதலாகத் தொகுத்தேன். அந்த ஆண்டு 6ஆம் வாரத்தில் நின்றது, 7இல் தொடர்ந்தது. விதி தெரியாமலே சரியாக வந்துவிட்டது, அதுதான் வினை. 2019இல் 8இல் நின்றதும் யோசிக்காமல் 9 போட்டேன். போட வேண்டியது 10. இருநூறு படிகள் அச்சாகி வீடு வீடாகப் போய்விட்டன.

ஒரு வாரம் தள்ளினால் என்ன ஆகிவிடும் என்று அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. வார நாள் நற்செய்தி முதல் 9 வாரமும் மாற்கு, 10 முதல் 21 வரை மத்தேயு, அதன் பிறகு லூக்கா. கோவிலில் மத்தேயு தொடங்கிவிட்டது, எங்கள் வீடுகளில் மாற்கு 12ஆம் அதிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. திருப்பாடல்களும் நான்கு வாரச் சுற்று. 9ஆம் வாரம் என்றால் சுற்றின் முதல் வாரம், 10 என்றால் இரண்டாவது. ஆக நவம்பர் வரைக்கும் காலைப் புகழும் மாலைப் புகழும் (திருச்சபை தினமும் காலையிலும் மாலையிலும் சொல்லும் செபங்கள்) திருச்சபையோடு ஒட்டாமல் போயின. ஒவ்வொரு வெள்ளிக் காலையும் ‘கடவுளே, எனக்கு இரங்கும்’ என்ற 51ஆம் திருப்பாடல் நான்கு வாரத்திலும் வருவதால், வெள்ளிக்கிழமைகளில் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரிந்தது.

தினமும் பூசைக்குப் போகும் ஒரு பாட்டி மட்டும் ஜூலையில் கேட்டார்: “தம்பி, சாமி படிக்கிறதும் நம்ம புத்தகத்துல இருக்கிறதும் ஒத்து வரலியே?” பக்கத்தை மாற்றிப் புரட்டியிருப்பீர்கள் பாட்டி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனது வலிக்கிறது. நவம்பரில் திருவருகைக்காலப் புத்தகத்துக்கு உட்கார்ந்தபோதுதான், பழைய புத்தகம் 33ஆம் வாரத்தோடு முடிந்திருப்பதைப் பார்த்தேன். 34ஆம் வாரத் திங்களன்று வரும் ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசு எங்கள் வீடுகளில் வாசிக்கப்படவே இல்லை. டிசம்பரில் பாட்டி வீட்டுக்குப் போய் நீங்கள் சொன்னதுதான் சரி என்றேன். அவர் ஜூலையிலிருந்தே ஒரு வாரம் தள்ளிப் புரட்டிப் படித்துக்கொண்டிருந்தாராம்.

இது வீட்டில் படிக்கிறதுதானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். இங்கே கரண்டு இல்லாத இரவுகளில் போனும் செத்துவிடும். மெழுகுவர்த்தியைச் சுற்றி உட்கார்ந்து ஒரு குடும்பம் அந்தத் தாளை நம்பித்தான் செபிக்கிறது. தமிழ் வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டிதான் வாசித்துக் காட்டுகிறார். உலகம் முழுக்க எல்லோரும் இன்று சொல்கிற திருப்பாடலைத்தான் நாமும் சொல்கிறோம் என்ற நம்பிக்கையில்தான் இந்தப் புத்தகத்தையே கையில் எடுக்கிறோம்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் கிறிஸ்து அரசர் ஞாயிறைக் குறித்து 34 என்று எழுதுங்கள். அப்புறம் ஞாயிறு ஞாயிறாகப் பின்னால் வந்து பெந்தக்கோஸ்து ஞாயிறில் எந்த எண் விழுகிறது என்று பாருங்கள். மறுநாள் திங்கள் தொடங்குவது அந்த வாரம். 2025இல் நவம்பர் 23இலிருந்து ஜூன் 8க்கு வந்தால் 10. 2026இல் நவம்பர் 22இலிருந்து மே 24க்கு வந்தால் 8. தவக்காலத்துக்கு முன்னால் நின்றது 6, ஆகவே 7 கிடையாது.

இந்திய நாள்காட்டியை அப்படியே எடுப்பது

நம் கைக்கு வரும் தமிழ்ப் புத்தகங்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டில் அச்சானவை. அங்கே ஜூலை 3, புனித தோமா பெருவிழா. நமக்கு அது விழா மட்டுமே. (பெருவிழா, விழா, நினைவு, விருப்ப நினைவு என்று தரம் மேலிருந்து கீழே இறங்கும்.) ஆகஸ்ட் 15இல் மரியாவின் விண்ணேற்போடு இந்திய விடுதலைக்கான மன்றாட்டும் சேர்ந்து வரும். அதை அப்படியே ஒட்டி யாங்கோனில் கொடுத்தால் குடும்பங்கள் குழம்பிப்போகும். பர்மாவின் விடுதலை நாள் ஜனவரி 4. நாட்டுக்கான மன்றாட்டை அங்கே எழுதிச் சேருங்கள், எந்த இந்தியப் புத்தகத்திலும் அது கிடைக்காது.

எல்லா இடத்திலும் ஒரே தரம் என்று நினைப்பது

பிப்ரவரி 11, லூர்து அன்னை, பொது நாள்காட்டியில் விருப்ப நினைவுதான். நியாங்லேபின் திருத்தலத்துக்குப் போகும் திருப்பயணிகளுக்கு அது ஆண்டின் பெரிய நாள். புனித அந்தோணியார், ஜூன் 13, பொதுவாக நினைவு. அவர் பெயரில் உள்ள கோவிலில் பெருவிழா. 2026இல் அதே நாளில் மரியாவின் மாசற்ற இதயமும் வருகிறது. இரண்டு கட்டாய நினைவுகள் மோதினால் இரண்டுமே விருப்ப நினைவாகிவிடும். அந்தோணியார் கோவிலில் மட்டும் பெருவிழாவே நிற்கும். எனவே புத்தகம் எந்தக் கோவில் மக்களுக்கு என்பதைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

ஆண்டு எழுத்து

ஞாயிறு வாசகச் சுற்றைக் காட்டும் A, B, C எழுத்து ஜனவரி 1இல் மாறாது. திருவருகைக்கால முதல் ஞாயிறில் மாறும்.

டிசம்பர் 17 முதல் 24 வரை

இந்த வார நாட்களின் வாசகமும் செபமும் தேதிப்படி வருகின்றன. கிழமையை விடுங்கள், தேதியைப் பாருங்கள்.

ஞாயிறைக் காலையில் தொடங்குவது

ஞாயிறும் பெருவிழாவும் முந்தின நாள் மாலையிலேயே தொடங்கிவிடுகின்றன. சனிக்கிழமை மாலைக்கு ஞாயிறின் முதல் மாலைப் புகழைப் போடுங்கள். நான் பார்த்த புதிய தொகுப்புகளில் பாதிக்கு மேல் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

அச்சகத்துக்குத் தாமதமாகப் போவது

பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சான் ஏப்ரல் நடுவில் வருகிறது. 2025இல் புனித வாரம் தொடங்கும் குருத்து ஞாயிறன்றே அதுவும் தொடங்கியது. அந்த வாரம் அச்சகம் திறந்திருக்காது, பைண்டிங் செய்ய ஆளும் கிடைக்காது. புனித வாரப் பக்கங்களை மார்ச் நடுவிலேயே கொடுத்துவிடுங்கள்.