ஐரிஷ் ரெட் ஏல்: மால்ட் தேர்வும் காய்ச்சும் முறையும்

அயர்லாந்தின் பீர் வகையான ஐரிஷ் ரெட் ஏலின் சிவப்பு, சிவப்பான தானியம் எதிலிருந்தும் வருவதில்லை. மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி; வெளிறிய அடிப்படை மால்ட்டின் மேல் கிரிஸ்டல் மால்ட்டின் தேன்நிறமும் மிகச் சிறிதளவு வறுத்த பார்லியின் கருமையும் சேரும்போது, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த குவளையில் அது மாணிக்கச் சாயலாகத் தெரிகிறது. கில்கென்னி நகரின் ஸ்மித்விக்ஸ், என்னிஸ்கார்த்தியில் 1956 வரை இயங்கிய ஆலையின் வழிவந்த கில்லியன்ஸ் ஆகிய பெயர்களால் வெளியுலகம் இவ்வகையை அறிந்தது. நொதிக்கும் முன் சர்க்கரைச் செறிவைக் காட்டும் தொடக்க ஒப்படர்த்தி 1.036 முதல் 1.046 வரை, ஆல்கஹால் 4 முதல் 5 விழுக்காடு வரை, கசப்பு அதன் அலகான ஐபியுவில் 18 முதல் 28 வரை என அடக்கமாக அமையும் பீர் இது. ஆகவே மால்ட் தேர்வில் நேரும் பிழையை, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களைக் கொண்டு மறைக்க இதில் இடமில்லை.

சொந்தப் பயன்பாட்டுக்கு வீட்டில் பீர் காய்ச்சுவதைச் சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் வாழ்வோருக்கே இக்குறிப்பு. பிரிட்டனில் இதற்கான உரிமத் தேவை 1963-இல் நீக்கப்பட்டது. தமிழ்நாட்டிலோ 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இதற்கு இடம் தருவதில்லை.

20 லிட்டர் பீருக்குப் பிரிட்டிஷ் அல்லது ஐரிஷ் பேல் ஏல் மால்ட் 3.6 கிலோ எடுத்துக்கொள்ளலாம். மாரிஸ் ஆட்டர் என்னும் பார்லி ரகத்தின் மால்ட் கிடைத்தால் நல்லது; அதன் பிஸ்கட் மணம் இந்தப் பீரின் உடலாக நிற்கும். பில்ஸ்னர் மால்ட்டும் வேலை செய்யும், ஆனால் சுவை மெலிந்துவிடும்.

அடுத்தது கிரிஸ்டல் மால்ட். முளைவிட்ட ஈரப் பார்லியை உலர்த்தாமலே ஏறத்தாழ 65 டிகிரி வெப்பத்தில் வைத்திருந்தால், உமிக்குள்ளேயே மாவுச்சத்து சர்க்கரையாக மாறிவிடுகிறது. பின்னர் அதைச் சூடேற்றி வறுக்கும்போது அந்தச் சர்க்கரை பாகுபோல் இறுகி, டாஃபி, உலர்திராட்சை முதலிய சுவைகளைப் பெறுகிறது. அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியை ஈஸ்ட்டால் உண்ண முடியாது என்பதால், கிரிஸ்டல் மால்ட் கூடக் கூடப் பீரில் தங்கும் இனிப்பும் கூடும். லோவிபாண்ட் என்பது மால்ட்டின் நிறத்தை அளக்கும் அளவை; 40 லோவிபாண்ட் அளவுள்ளது 250 கிராமும், 120 லோவிபாண்ட் அளவுள்ளது 100 கிராமும் போதும். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம்: ஐரோப்பிய மால்ட் பைகளில் நிறம் ஈபிசி என்னும் வேறோர் அளவையில் குறிக்கப்பட்டிருக்கும். 40 லோவிபாண்ட் என்பது சுமார் 105 ஈபிசி, 120 லோவிபாண்ட் என்பது சுமார் 320 ஈபிசி. எண்ணை மட்டும் பார்த்து அளவையைக் கவனிக்காமல் வாங்குபவரின் பீர் ஒன்று வெளிறிப்போகும், இல்லையேல் கருத்துப்போகும்.

நிறத்துக்காகக் கிரிஸ்டல் மால்ட்டையே கூட்டிக்கொண்டு போகலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் செம்பு நிறம் பழுப்பாகி, இரண்டாவது குவளை திகட்டத் தொடங்கிவிடும். சிவப்பைத் தந்து, முடிவில் நாவை உலர்த்திவிடுவது வறுத்த பார்லிதான். இது முளைகட்டாத பார்லி. 1880-இல் பிரிட்டிஷ் அரசு மால்ட் மீதிருந்த வரியை எடுத்துப் பீர் மீது விதித்த பிறகே ஆலைகள் இதைத் தடையின்றிப் பயன்படுத்த முடிந்தது. 450 முதல் 500 லோவிபாண்ட் வரையுள்ள வறுத்த பார்லி 60 கிராம் போட்டால், மொத்தத் தானியத்தில் அது ஒன்றரை விழுக்காடுதான். ஆனாலும் பீரின் நிறத்தில் பாதிக்குக் கொஞ்சமே குறைவான பங்கு அதனுடையது. 150 கிராமைத் தாண்டினால் காப்பிச் சுவை மேலோங்கி, பீர் ஸ்டவுட் என்னும் கரும் பீரின் பக்கம் சாய்ந்துவிடும். சமையலறைத் தராசு ஐந்து கிராம் வித்தியாசத்தைக் காட்டாது என்றால், இந்த ஒரு பொருளுக்காகவாவது சிறு தராசு வாங்குவது தகும்.

மியூனிக் மால்ட் அரைக்கிலோ சேர்த்து, பேல் மால்ட்டை அதே அளவு குறைப்பது நல்ல மாற்று. ரொட்டி மேலோட்டின் சுவை வரும். மெலனாய்டின் என்னும் அடர்சுவை மால்ட்டைச் சேர்த்தால் ஐந்து விழுக்காட்டுக்குள் நிறுத்த வேண்டும். பெயரிலேயே சிவப்பைக் கொண்ட ஜெர்மன் மால்ட்டுகள் அழகான நிறம் தருகின்றன. ஆனால் ஐரிஷ் ஏலுக்குரிய அந்த உலர்ந்த முடிவை அவை தருவதில்லை என்பது என் கணிப்பு.

குழாய்நீரில் குளோரின் இருந்தால் முந்தைய நாளே கேம்ப்டன் மாத்திரையால் நீக்கிவிட வேண்டும். 12 லிட்டர் நீரை 73 டிகிரிக்குச் சூடாக்கி, நொறுக்கிய தானியத்தைக் கட்டியில்லாமல் கலந்தால் வெப்பம் 67 டிகிரியில் நிற்கும். அதை ஒரு மணி நேரம் மூடிக் காக்க வேண்டும். இந்தக் கலவையின் பிஹெச் 5.2 முதல் 5.5 வரை இருப்பது முக்கியம். காரத்தன்மை மிகுந்த நீரில் உமியின் துவர்ப்பு இறங்குவதோடு நிறமும் மங்கிக் கருக்கும். பிறகு 76 டிகிரி நீர் 16 லிட்டரால் தானியத்தை மெதுவாக அலசி, கிடைக்கும் இனிப்பான மால்ட் சாறாகிய வோர்ட் 24 லிட்டரை ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலம் 5 விழுக்காடுள்ள, ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் என்னும் ஹாப்ஸ் வகை 35 கிராமைக் கொதியின் தொடக்கத்தில் போட்டால் போதும். நறுமணத்துக்கென்று தனி ஹாப்ஸ் இதற்குத் தேவையில்லை.

வோர்ட்டை விரைவாக 18 டிகிரிக்குக் குளிர்வித்து, கிருமிநீக்கம் செய்த கலத்தில் ஐரிஷ் ஏல் ஈஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். நொதித்தல் அடங்கும் தறுவாயில் வெப்பத்தை 20 டிகிரிக்கு உயர்த்தி இரண்டு நாள் வைத்தால், வெண்ணெய் வாடை தரும் டயாசிட்டைலை ஈஸ்ட்டே உறிஞ்சிக்கொள்ளும். ஒப்படர்த்தி 1.011 அளவில் மூன்று நாள் மாறாமல் நின்ற பின்னரே புட்டியில் அடைக்க வேண்டும். அவசரப்பட்டால் புட்டிகள் வெடிக்கும். 20 லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரையைக் கரைத்துக் கலந்தால் மென்மையான நுரை கிடைக்கும்.

இரண்டு வாரம் கழித்துத் திறக்கும் முதல் புட்டியில் நிறம் பழுப்பாக இருந்தால், அடுத்த முறை 120 லோவிபாண்ட் கிரிஸ்டல் மால்ட்டை 50 கிராமாகக் குறைத்துப் பார்க்கலாம். வெறும் தேன்நிறமாக நின்றால் வறுத்த பார்லியை 15 கிராம் கூட்டலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால், எந்த மாற்றம் என்ன செய்தது என்பது தெரியாமல் போய்விடும்.