புதர்வெளியில் மாடு பார்க்கப் போகிறவர்களுக்கு

இங்கிலாந்தில் சர்ரே, சசெக்ஸ், டோர்செட் பக்கம் ஹீத் என்று சொல்கிற புதர்வெளிகளில் மாடுகளைத் திறந்து விட்டிருப்பார்கள். அவை புல்லையும் பிர்ச் மரக்கன்றுகளையும் தின்று மிதித்து வெளியைத் திறந்தே வைத்திருக்கின்றன. இல்லாவிட்டால் எல்லாம் மெல்லக் காடாகிவிடும், மணல் பல்லிக்கும் தரையில் முட்டையிடும் பக்கிப் பறவைக்கும் இடமே இருக்காது. ஆளில்லாமல் மேய்ந்தாலும், அவை கஷ்டப்படாத அளவுக்கு அடிக்கடி போய்ப் பார்த்தாக வேண்டும் என்று அங்கே 2007-இல் வந்த விதி சொல்கிறது. அந்த வேலையைப் பல இடங்களில் நம்மைப் போன்ற தன்னார்வலர்கள்தான் செய்கிறோம்.

முதல் வேலை எண்ணுவது. பெல்ட்டட் கேலோவே மாடு கறுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டையோடு தூரத்திலேயே தெரியும், ஆனால் கோர்ஸ் முட்புதருக்குப் பின்னால் படுத்துவிட்டால் பத்தடி தள்ளி நடந்தாலும் தெரியாது. அதனால் ஒன்று குறைந்தால் "எங்கேயாவது இருக்கும்" என்று திரும்பிவிடாதீர்கள், தேடுங்கள். கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை இருந்தால் போனில் இடம் தெரியும், தேட வசதி. ஆனால் புள்ளி நகர்கிறது என்பதற்காக மாடு நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது, நொண்டுகிற மாடும் நகரத்தான் செய்யும்.

எண்ணி முடித்ததும் கிட்டே போகாமல் ஐந்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். இதுதான் முக்கியம் என்பேன், ஏனென்றால் நீங்கள் நெருங்கியதும் மாடு தலையைத் தூக்கி உஷாராகிவிடும், வலியை மறைத்துவிடும். படுத்து அசை போடுகிறதா, மற்றவற்றோடு சேர்ந்து இருக்கிறதா, எழும்போது முதுகை நெளித்துச் சோம்பல் முறிக்கிறதா என்று கவனியுங்கள். அப்படி முறித்தால் அநேகமாகக் கவலையில்லை. தனியாக ஒதுங்கி, காதைத் தொங்கவிட்டு நிற்கிற மாட்டிடம்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

போன ஜூலையில் எனக்கு அப்படித்தான் ஒன்று குறைந்தது. அரை மணி நேரம் தேடியதில் பிர்ச் நிழலில் தனியாக நின்றது, வெயில் பக்கம் திரும்பவே இல்லை. சுற்றிப் போய்ப் பார்த்தால் இடது கண் பாதி மூடி, கன்னத்து முடி கண்ணீரில் நனைந்து ஒட்டியிருந்தது, கருவிழியில் பால் விட்டது போல ஒரு வெள்ளை. நியூ ஃபாரஸ்ட் ஐ என்கிற கண் நோய் அது, ஈ மூலம் மற்ற மாடுகளுக்கும் பரவும். தூரத்திலிருந்தே போட்டோ எடுத்து, காது டேக் எண்ணோடு பொறுப்பாளருக்கு அனுப்பினேன், அன்றைக்கே பிடித்து மருந்து போட்டார்கள்.

அப்புறம், பின்பக்கமும் பாருங்கள். சாணி தண்ணீராகக் கழிகிறதா, மூத்திரம் சிவப்பாக இருக்கிறதா? சிவப்பு என்றால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், உடனே கூப்பிடுங்கள். இடுப்பெலும்புக்கு முன்னால் இடது பக்கம் பள்ளமாக இருக்க வேண்டிய இடம் மேளம் போலப் புடைத்திருந்தால் அது உப்புசம், காத்திருக்கக் கூடாது.

தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் இருந்தால் போதாது, மிதவையைக் கையால் அழுத்திக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். கோடையில் ஒரு மாடு ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேலேயே குடிக்கும்.

கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் மட்டும் போகாதீர்கள். நாயைக் கூட்டிப்போகவே வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்து, இருந்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுத்து எடுத்துவிடுங்கள்.