காற்றடிக்கும் புல்வெளியில் முதல் கோல்ஃப்: பந்தைத் தாழ்வாக ஓட்டுவது எப்படி?

கோல்ஃப் பணக்காரர் விளையாட்டு, உறுப்பினர் அட்டை இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது என்று ஒதுங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அமெரிக்காவின் நடுவிலிருக்கும் நெப்ராஸ்காவில் கதை வேறு. ஒமாஹாவிலிருந்து 80ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே மூன்றரை மணி நேரம் போனால் கோதன்பர்க் என்ற ஊர் வரும். மொத்தமே 3,500 பேர் அளவில்தான் இருப்பார்கள். ஊருக்கு வெளியே, புல் மூடிய மணல்மேடுகளின் விளிம்பில், 1999இல் திறந்த வைல்ட் ஹார்ஸ் கோல்ஃப் திடல் இருக்கிறது. அமைத்தவர்கள் டேன் புரொக்டர், டேவ் ஆக்ஸ்லண்ட். இதே மாநிலத்தில் முல்லன் அருகே 1995இல் வந்த சாண்ட் ஹில்ஸ் திடலைக் கட்டியபோது வேலை பார்த்த கைகள் இவை. அங்கே உறுப்பினர்களும் அவர்களின் விருந்தினர்களும்தான் ஆட முடியும். வைல்ட் ஹார்ஸில் கட்டணம் கட்டினால் யாரும் ஆடலாம், கட்டணமும் கையைக் கடிக்காது.

அங்கே மரம் அநேகமாகக் கிடையாது. அதனால் காற்றுக்குத் தடையும் கிடையாது. ஃபேர்வே (குழியை நோக்கிப் போகும், புல் வெட்டிய ஆட்டப்பாதை) அகலமாக இருக்கும், தரை மணற்பாங்கு, பந்து விழுந்த பிறகும் வெகுதூரம் ஓடும். புதிதாக ஆடுபவருக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்பது என் கருத்து. காற்றைப் பார்த்து மிரளாமல் இருந்தால் போதும்.

1. நேரம் பிடியுங்கள்

முன்கூட்டியே 'டீ டைம்', அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் நேரம், பதிவு செய்ய வேண்டும். பல பொதுத் திடல்களில் மாலை நேரத்துக்குக் கட்டணம் குறையும். ஆனால் முதல் தடவை போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, காற்றும் ஏறும்.

விதிப்படி 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கு ஆறு போதும்: 3 வுட் (வெகுதூரம் அடிக்கும் மட்டை), 5, 7, 9 அயர்ன்கள் (எண் கூடக்கூடத் தூரம் குறையும்), ஒரு வெட்ஜ் (கிட்டத்திலிருந்து பந்தை உயரத் தூக்கும் மட்டை), ஒரு பட்டர் (வெண்ணெய் இல்லை, குழியைச் சுற்றிப் புல் ஒட்ட வெட்டிய 'கிரீன்' தரையில் பந்தை உருட்டும் மட்டை). பழைய பந்துகள் ஒரு டஜன். இறுக்கமான தொப்பி. ஆட்டத்தை முன்வரிசை டீயிலிருந்து (டீ என்பது முதல் அடி அடிக்கும் இடம், முன்வரிசை குழிக்குக் கிட்டே இருக்கும்) தொடங்குங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

2. காற்றைப் பாருங்கள்

ஒரு சிட்டிகைப் புல்லைக் கிள்ளித் தூவிப் பார்ப்பது வழக்கம். அது நீங்கள் நிற்கும் இடத்துக் காற்றை மட்டும்தான் சொல்லும். மேட்டின் மறைவில் நின்றால் ஒன்றுமே அடிக்காத மாதிரி இருக்கும். பந்தோ மேட்டுக்கு மேலே பறக்கப்போகிறது. அதனால் கிரீனில் கொடி எந்தப் பக்கம் படபடக்கிறது, மேட்டு உச்சியில் புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்றும் பாருங்கள்.

ஒரு தோராயக் கணக்கு உண்டு. எதிர்க்காற்றில் மணிக்கு ஒரு மைல் வேகத்துக்குத் தூரத்தில் 1 சதவீதம் கூட்டுங்கள், பின்காற்றில் அரை சதவீதம் கழியுங்கள். குழி 150 யார்டு தள்ளி, எதிர்க்காற்று 15 மைல் என்றால் 172 யார்டு என்று வைத்துக்கொண்டு அடிக்க வேண்டும். அதாவது இரண்டு எண் குறைந்த, இன்னும் தூரம் போகும் மட்டை. அதே காற்று பின்னாலிருந்து வந்தால் 139. காற்று பிடுங்கிக்கொள்வது அதிகம், கொடுப்பது குறைவு.

3. தாழ்வாக அடியுங்கள்

முதல் நாள் நான் செய்த தவறு இங்கேதான். எதிர்க்காற்றைப் பார்த்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு பலமாக வீசினேன். பந்து எழும்பி, இன்னும் எழும்பி, அந்தரத்தில் நின்று, எனக்கு அறுபது அடி முன்னால் பொத்தென்று விழுந்தது. பலமாக அடித்தால் பந்தின் பின்சுழற்சி கூடும். அந்தச் சுழற்சிதான் பந்தை மேலே தூக்குகிறது, எதிர்க்காற்று அதை இன்னும் தூக்கும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்போம், பந்தின் எடை 46 கிராம்கூட இல்லை.

எனவே இப்படிச் செய்யுங்கள். வழக்கமாக 9 அயர்ன் எடுக்கும் தூரத்துக்கு 7 அயர்ன் எடுங்கள். பிடியில் ஓர் அங்குலம் கீழே பிடியுங்கள். பந்து, இரு பாதங்களின் நடுவிலிருந்து சற்றுப் பின்பாதத்தின் பக்கம் இருக்கட்டும். எடையைக் கொஞ்சம் முன்காலில் வையுங்கள். பின்வீச்சு முக்கால் அளவு. அடித்த பிறகு மட்டையைத் தோளுக்கு மேல் கொண்டுபோகாமல் நெஞ்சு உயரத்திலேயே நிறுத்துங்கள். அவசரமே வேண்டாம், நிதானமாக வீசினால் சுழற்சி தானாகக் குறையும்.

பக்கக் காற்றோடு சண்டை போடாதீர்கள். காற்று இடமிருந்து வலமாக அடித்தால் இடப்பக்கம் குறிவையுங்கள், அதுவே பந்தை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். பின்காற்று என்றால் கிரீனுக்கு வெகு முன்பே பந்தை இறக்கி ஓடவிடுங்கள். நேராகக் கிரீனில் இறக்கினால் அந்தக் கெட்டித் தரையில் பந்து நிற்காது.

4. புல்லுக்குள் போய்விட்டதா?

ஃபேர்வேக்கு வெளியே முழங்கால் உயரப் புல், நடுநடுவே கற்றாழைச் சாயலில் ஊசிமுனை யூக்கா. தேடுவதற்கு விதி தரும் நேரம் 3 நிமிடம். அதற்கு மேல் தேடாதீர்கள். வாலைக் கிலுகிலுக்கும் விரியன் பாம்புகள் வாழும் நிலம் அது, புல்லுக்குள் கையைவிட்டுத் துழாவும் பழக்கமே வேண்டாம். காணாமற்போனால் அடித்த எண்ணிக்கையில் ஓர் அடியை (ஸ்ட்ரோக்) அபராதமாகக் கூட்டிக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்பிப்போய் ஆடச் சொல்கிறது விதி. நண்பர்களோடு ஆடும்போது தொலைந்த இடத்துக்கு நேரே ஃபேர்வே ஓரத்தில் இன்னொரு பந்தைப் போட்டு எண்ணிக்கையில் இரண்டு ஸ்ட்ரோக் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கூட்டம் உங்களை வாழ்த்தும்.

இடி கேட்டால் மட்டும் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே காருக்கோ கட்டடத்துக்கோ போய்விடுங்கள். மரமில்லாத வெளியில் உயரமான பொருள் நீங்கள்தான்.

5. கிரீனும் பட்டரும்

கிரீனுக்கு வெளியே பத்துப் பதினைந்து யார்டில், புல் ஒட்ட வெட்டியிருந்தால், வெட்ஜைத் தொடவே வேண்டாம். பட்டரால் உருட்டுங்கள். சுமாரான உருட்டல்கூட வெட்ஜால் அரைகுறையாகத் தூக்கிப்போடும் அடியைவிடக் குழிக்குப் பக்கத்தில் போகும்.

கிரீனில் காலை வழக்கத்தைவிட அகட்டி நில்லுங்கள், காற்று உடம்பையே ஆட்டும். கொடியை எடுக்க வேண்டிய கட்டாயமும் 2019இலிருந்து இல்லை. அப்புறம் ஒன்று. கிரீனில் நின்ற பந்தைக் காற்று தள்ளிவிட்டால், நகர்ந்த இடத்திலிருந்தே ஆட வேண்டும். ஆனால் நாணயத்தை வைத்து அடையாளமிட்டு, பந்தை எடுத்துத் திரும்ப வைத்திருந்தீர்களானால், காற்று எவ்வளவு தூரம் தள்ளினாலும் பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைக்க வேண்டும். எனவே பந்து குழிக்கு அருகே நின்றதும் சட்டைப்பையிலிருந்து நாணயத்தை எடுங்கள்.