பேசும் விலங்குகளை வைத்து மர்மக் கதை எழுதுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

அனிமேஷன் பட நிறுவனங்களுக்குக் கதைகளைப் படித்து, எது தேறும், எது தேறாது என்று சொல்வது என் வேலை. 2016-இல் டிஸ்னியின் 'ஜூடோபியா' படம் வந்த பிறகு ஒரே மாதிரிக் கதைகள் வந்து குவிகின்றன: பேசும் விலங்குகள், நடுவில் ஒரு மர்மம், குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒரு முடிவு. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் புதியவர்கள். அவர்கள் செய்யும் தவறுகளில் பாதி நானும் ஒரு காலத்தில் செய்தவைதான் என்பதால் சட்டென்று கண்ணில் படுகின்றன.

வசனம் நீளம், பாட்டு தப்பான இடத்தில் வருகிறது, நகைச்சுவை எடுபடவில்லை என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். 'ஜூடோபியா'வின் மர்மம் கீழே முழுக்க உடைபடுகிறது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

துப்பறியும் நாய்க்கு மூக்கே இல்லாமல் போவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரவைக்கும் தவறு இதுதான். பணத்தை அதிகம் விழுங்குவதும் இதுதான்.

ஒரு கதை வந்தது. ஓய்வுபெற்ற போலீஸ் லாப்ரடார் ஒன்று கோயில் பக்கம் குடியிருக்கிறது. ஒரு நாள் உற்சவரின் முத்துமாலை காணாமல் போகிறது. குரங்கு, காகம், மயில், கீரி என்று வரிசையாகச் சந்தேகப்பட்டு, ஒவ்வொருவரையும் உட்கார வைத்து விசாரித்து, கடைசியில் திருடியது புனுகுப்பூனை என்று நாய் கண்டுபிடிக்கிறது. படிக்கும்போது யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை. வசனம் நன்றாக இருந்தது, நாயும் மனதில் நிற்கிற பாத்திரம். தயாரிப்பாளர் ஒப்புக்கொண்டு, ஸ்டோரிபோர்டு, அதாவது காட்சிவாரி ஓவியங்கள் வரைந்து, தற்காலிகக் குரல் சேர்த்து, முழுப்படத்தையும் அனிமேட்டிக்காக (அந்த ஓவியங்களையே ஓடவிட்ட மாதிரிப் படமாக) தொகுத்தும் விட்டார்கள். அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

அந்தத் திரையிடலுக்கு ஊழியர்களின் பிள்ளைகள் சிலரும் வந்திருந்தார்கள். முடிந்ததும் ஒரு சிறுமி கேட்டாள்: "அந்த நாய்க்கு ஜலதோஷமா?"

யாரிடமும் பதில் இல்லை. ஊரில் உள்ள விலங்குகளிலேயே வாசனைக்குப் பேர்போனது புனுகுப்பூனை. அது உடலிலிருந்து சுரக்கும் புனுகை எடுத்துத்தான் கோயிலில் சாமிக்கே சாத்துகிறார்கள். அதை, மோப்பம் பிடித்தே சம்பளம் வாங்கிய ஒரு நாய், படம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தும் கண்டுபிடிக்கவில்லை!

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. முதல் காட்சியிலேயே நாய்க்கு உண்மையாகவே ஜலதோஷம் வரவைத்துவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். சுலபமான ஒட்டு வேலை என்று நினைத்திருப்பார்கள். ஜலதோஷம் வந்தால் குரல் மூக்கடைப்போடு இருக்க வேண்டும், எல்லா வசனத்தையும் மறுபடி பதிவு செய்ய வேண்டும். நடுநடுவே தும்ம வேண்டும், வரைந்து வைத்த நடிப்பை மாற்ற வேண்டும். தும்மினால் சோகக் காட்சியில் சிரிப்பு வரும், அந்தக் காட்சியையே திருப்பி எழுத வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் மர்மம் ஒரு அங்குலம்கூட நல்லதாகவில்லை. முன்பு நாய்க்கு மூக்கு இல்லை, இப்போது அடைத்த மூக்கு இருந்தது, அவ்வளவுதான்.

மூக்கை மறைக்கப் பார்த்ததுதான் கோளாறு. அதையே கதைக்குள் இழுத்திருக்க வேண்டும். முதல் காட்சியிலேயே நாய் மோப்பம் பிடிக்கட்டும். "புனுகு வாசனை வருதே" என்று உரக்கச் சொல்லட்டும். ஆனால் கோயிலில் தினமும் புனுகு சாத்துகிறார்கள், மடப்பள்ளி வரைக்கும் அந்த வாசனைதான், ஆகவே அது யாருக்கும் தடயமாகத் தெரியாது. நாயும் அதைத் தள்ளிவிட்டுப் போகும். பின்பாதியில், சாமிக்குப் புனுகே சாத்தாத ஒரு நாளில் அதே வாசனை வரும்போது நாய் நின்று திரும்பிப் பார்க்கும். விடை முதல் நிமிடத்திலிருந்தே எல்லோர் மூக்குக்கும் முன்னால் இருந்தது என்று குழந்தைக்கும் புரியும். இதற்கு ஒரு பைசா அதிகச் செலவு கிடையாது, எழுதும்போதே யோசித்திருந்தால்.

இதை 1986-லேயே டிஸ்னி சரியாகச் செய்திருக்கிறது. 'தி கிரேட் மவுஸ் டிடெக்டிவ்' படத்தில் துப்பறிவது ஒரு எலி. வில்லனின் கையாளான வௌவால் விட்டுவிட்டுப் போன தொப்பியை, ஷெர்லாக் ஹோம்ஸ் வீட்டு நாயான டோபியிடம் கொண்டுபோய் மோந்து பார்க்கக் கொடுக்கிறது. டோபி நேராகப் பொம்மைக் கடைக்குக் கூட்டிப்போகிறது. மோப்பம் அதுவரைக்கும்தான். அதற்கு மேல், கிடைத்த ஒரு காகிதத்தில் உப்புநீரும் நிலக்கரித் தூளும் இருப்பதைச் சோதித்துப் பார்த்து, ஆற்றங்கரை என்று எலி முடிவுக்கு வருகிறது. மூக்கு எங்கே நிற்க வேண்டும், மூளை எங்கே தொடங்க வேண்டும் என்று எழுதியவர்கள் முன்கூட்டியே தீர்மானித்திருக்கிறார்கள்.

'ஜூடோபியா' இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் போலீஸ் வேலையில் சேர்ந்த ஒரு முயல், காணாமல் போனவரைத் தேடுகிறது. ஒவ்வொரு தடயமும், ஒவ்வொரு தடையும் ஏதோ ஒரு விலங்கின் குணத்திலிருந்தே வருகிறது. காரின் நம்பரை வைத்து உரிமையாளரைக் கண்டுபிடிக்கப் போனால், போக்குவரத்து அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள் எல்லோருமே அசைவதற்கே நேரமெடுக்கும் ஸ்லாத்துகள். முயலுக்கு மொத்தம் 48 மணி நேரம்தான் கெடு, அவர்கள் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் இருட்டிவிடுகிறது. யானைக்கு ஞாபகசக்தி அதிகம் என்பார்கள். படத்தில் யானைக்கு ஒன்றுமே நினைவில்லை, பக்கத்தில் நிற்கும் யாக் எருமை நம்பர் பிளேட் வரைக்கும் ஒப்பிக்கிறது. காவலுக்கு நிற்கும் ஓநாய்களைத் தாண்ட வேண்டுமா? ஒன்றை ஊளையிட வைத்தால் போதும், மற்றவற்றால் சும்மா இருக்க முடியாது. விலங்குகளுக்குப் பதில் மனிதர்களைப் போட்டால் இந்தக் காட்சிகளில் ஒன்றுகூட நிற்காது. உங்கள் கதையை ஒருமுறை அப்படி மாற்றிப் படித்துப் பாருங்கள். மனிதர்களை வைத்தும் கதை அப்படியே நிற்கிறதென்றால், விலங்குகள் வெறும் வேஷம் கட்டியிருக்கின்றன என்று அர்த்தம்.

இதில் நாய் மூக்கு மட்டும் இல்லை. முயலைப் பின்னாலிருந்து மண்டையில் தட்டி மயக்கமாக்கும் காட்சியை எத்தனை கதைகளில் படித்திருக்கிறேன்! முயலின் கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் அதற்குப் பின்பக்கமும் தெரியும். மூக்குக்கு நேர் முன்னால்தான் கொஞ்சம் தெரியாது. தட்டுவதென்றால் முன்னாலிருந்து தட்டுங்கள், காட்சியும் புதிதாக இருக்கும். நாய்க்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, ஆனால் கதையில் நாய் சாட்சி "சிவப்புத் துண்டு போட்டிருந்தான்" என்று அடையாளம் சொல்கிறது. ஆந்தை இருக்கிற தோப்பில் இருட்டில் நடந்த திருட்டை யாருமே பார்க்கவில்லையாம்!

உயிரியல் பாடம் எடுக்கச் சொல்லவில்லை. உங்கள் உலகத்தில் நாய்க்கு மோப்பமே கிடையாது என்று வைத்துக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அதை முதல் பத்து நிமிடத்துக்குள் சொல்லிவிட வேண்டும். நான் சொல்வது இவ்வளவுதான்: குற்றத்தை எழுதுவதற்கு முன்னால், ஒவ்வொரு விலங்கும் எதைப் பார்க்கும், எதைக் கேட்கும், எதை மோந்து அறியும், எங்கே ஏற முடியும், எப்போது தூங்கும் என்று ஒரு பட்டியல் போடுங்கள். பிறகு அந்தப் பட்டியலையும் மீறி யாருக்கும் தெரியாமல் எப்படித் திருடலாம் என்று யோசியுங்கள். கதை அங்கேயிருந்துதான் பிறக்கும்.

இன்னொன்று. வாசனை திரையில் தெரியாது. 1929-இல் ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைகளுக்கு எழுதிய பத்து விதிகளில், துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயம் உடனே வாசகருக்கும் கிடைக்க வேண்டும் என்று ஒன்று இருக்கிறது. நாய் மட்டும் மோந்துவிட்டு மனதுக்குள் வைத்துக்கொண்டால் அது பார்ப்பவரை ஏமாற்றும் வேலை. வாசனையை நிறமாகக் காட்டுங்கள், இல்லையென்றால் முகபாவத்திலாவது காட்டுங்கள். எப்படியாவது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும்.

"குற்றவாளி யார்னு அப்புறம் பாத்துக்கலாம்"

நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் கூடுதலாக எடுத்து வைத்த காட்சிகளைக் கொண்டு எடிட்டிங்கில் சமாளிக்க ஓரளவு வழி உண்டு. அனிமேஷனில் யாரும் கூடுதலாக எடுத்து வைப்பதில்லை. ஒரு நொடிக்கு 24 ஃபிரேம், ஒவ்வொன்றும் யாரோ உட்கார்ந்து உருவாக்கியது. அனிமேட்டிக் முடியும் வரைக்கும் எதையும் மாற்றலாம், வரைந்த தாள்தான் வீணாகும். அதைத் தாண்டிய பிறகு குற்றவாளியை மாற்றினால், அவர் வந்துபோன எல்லாக் காட்சியிலும் அவருடைய பார்வையையும் நின்ற இடத்தையும் மாற்ற வேண்டியிருக்கும்.

இதைச் சொன்னால், "ஜூடோபியாவையே கடைசியில்தானே மாற்றினார்கள்" என்று பதில் வரும். மாற்றினார்கள், உண்மைதான். முதலில் நரிதான் கதாநாயகன், ஊனுண்ணிகள் எல்லாம் கழுத்தில் மின்னதிர்ச்சிப் பட்டையோடு திரியும் நகரம் அது. அந்த நகரத்தின் மேல் பார்ப்பவர்களுக்குப் பிரியமே வரவில்லை என்று, வெளியீட்டுக்குச் சுமார் ஒன்றரை வருடம் இருக்கும்போது முயலை முன்னால் கொண்டுவந்தார்கள். ஆனால் அதற்குப் பின்னால் இருந்தது டிஸ்னி. உங்கள் தயாரிப்பாளர் ஷாட் கணக்குப் பார்த்துப் பணம் கொடுப்பவர்.

தடயம் கண்ணைக் குத்துவது

பழைய செல் அனிமேஷனில் ஒரு வேடிக்கை உண்டு. பின்னணி ஓவியம் மென்மையான வண்ணத்தில் இருக்கும், அசையப்போகும் பொருளைத் தனியாக செல் என்னும் ஒளி ஊடுருவும் தாளில் தட்டையான வண்ணத்தில் தீட்டியிருப்பார்கள். மலைச்சரிவில் எந்தப் பாறை உருளப்போகிறது, புத்தக அலமாரியில் எந்தப் புத்தகத்தை இழுக்கப்போகிறார்கள் என்று பிள்ளைகள் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

கணினி வந்த பிறகும் இந்த நோய் வேறு வடிவத்தில் இருக்கிறது. அறையில் இருக்கும் பொருள்களெல்லாம் பழைய கோப்பிலிருந்து எடுத்து வைத்தவை, தடயமான கைக்கடிகாரம் மட்டும் புதிதாகச் செய்தது, கீறல் வரைக்கும் நுணுக்கமாக இருக்கும். போதாக்குறைக்குக் கேமரா அதன் மேல் ஒரு நொடி நின்றுவிட்டுப் போகும். முடிந்தது கதை.

தடயத்தை மறைக்க நல்ல வழி, அதை வேறொரு காரணத்துக்காக எல்லோருக்கும் காட்டுவது. 'ஜூடோபியா'வில் முயல் தொடக்கத்திலேயே ஒரு மரநாயைத் துரத்திப் பிடிக்கிறது. திருட்டுப் பொருள் என்னவென்று பார்த்தால் ஒரு பை நிறைய அழுகின வெங்காயம், அப்படித்தான் தலைமை அதிகாரி கேலி செய்கிறார். அது வெங்காயம் இல்லை, ஒரு பூச்செடியின் கிழங்கு என்று சொல்லி வாயில் நுழையாத அறிவியல் பெயரையும் முயல் ஒப்பிக்கிறது. நமக்குச் சிரிப்பு வருகிறது. விவசாயக் குடும்பத்துப் பெண் அல்லவா, செடி பற்றித் தெரியாமல் இருக்குமா என்று கடந்துவிடுகிறோம். பின்பு சாட்சி ஒருவர் "நைட் ஹவ்லர்ஸ்" (இரவில் ஊளையிடுபவை) என்று நடுங்கும்போது, ஊளையிடுவது ஓநாய்தானே என்று முயலும் நம்பிவிடுகிறது, நாமும் நம்பிவிடுகிறோம். விலங்குகளுக்கு வெறிபிடிக்கச் செய்வது அந்தப் பூதான், கிராமத்தில் அதற்கு வழங்கும் பெயரே அதுதான் என்று வெளிப்படும்போது படம் முக்கால்வாசி முடிந்திருக்கும். மர்மத்தின் மொத்த விடையும் ஒரு நகைச்சுவை வசனத்துக்குள் இருந்திருக்கிறது.

பிள்ளைகள் பிடித்த படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். குற்றவாளி தெரிந்த பிறகும் பார்க்கவைப்பது இப்படி ஒளித்து வைத்த இடங்கள்தான்.

சாதுவாக இருப்பவரே குற்றவாளி

'ஜூடோபியா'வில் குற்றவாளியாக வெளிப்படும் துணை மேயர் ஆட்டுக்கு முன்பும் பின்பும் இது ஏராளமாக வந்துவிட்டது. கண்ணாடி போட்ட, மெல்லிய குரலில் பேசுகிற உதவியாளர் வந்தவுடனே எட்டு வயதுப் பிள்ளை விரலை நீட்டுகிறது.

குற்றவாளியே நின்று முழுக்கதையும் சொல்வது

அவரைப் பேசவைக்க ஒரு பொறி வையுங்கள். இல்லையென்றால் வாயை மூடச் சொல்லுங்கள்.

நரி என்றால் தந்திரம், கழுதை என்றால் முட்டாள்

காகத்தின் வடையைப் பறித்த நரியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால் நமக்கு இது தானாகவே வந்துவிடும். மர்மக் கதையில் இது இரட்டைச் சிக்கல்: நரியைக் குற்றவாளியாக்கினால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள், நரி நல்லவன் என்று திருப்பினாலும் அதுவும் எதிர்பார்த்ததே. அந்த நரியைப் பற்றி மற்ற விலங்குகள் என்ன நினைக்கின்றன, அந்த நினைப்பை யார் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறார்கள் என்று யோசித்தால் கதைக்கு வழி கிடைக்கும். பஞ்சதந்திரத்தில் சிங்கத்துக்கும் எருதுக்கும் நடுவில் பகையை மூட்டுகிற தமனகன் என்ற நரி செய்வதும் அதுதான், ஒருவரைப் பற்றி மற்றவருக்கு இருக்கும் பயத்தை ஊதிவிடுகிறான்.

யார் யாரைத் தின்பார்கள்?

இதற்குப் பதில் சொல்லாத கதையில் 'காணாமல் போனார்' என்று வந்தால், பிள்ளை முதலில் புலியின் வயிற்றைத்தான் பார்க்கும். 'ஜூடோபியா'வின் முதல் படத்தில் குடிமக்கள் எல்லோரும் பாலூட்டிகள், ஒருவரையொருவர் தின்பதை விட்டு வெகுகாலமாயிற்று என்று தொடக்க நாடகக் காட்சியிலேயே சொல்லிவிடுகிறார்கள். விலங்குப் பட்டியலைச் சுருக்குங்கள், உணவு விஷயத்தை முதலிலேயே முடித்துவிடுங்கள்.

விளம்பரக் குழுவுக்குச் சொல்லாமல் விடுவது

பொம்மை, ஸ்டிக்கர், டிபன் பாக்ஸ் என்று விற்பனைப் பொருள்களுக்கான படங்கள் படம் வெளிவருவதற்குப் பல மாதம் முன்பே போய்விடும். கடைசிக் காட்சியில் வரும் கறுப்பு அங்கியோடு குற்றவாளியின் பொம்மையைச் செய்து முன்கூட்டியே கடைக்கு அனுப்பிவிடுவார்கள். எந்தக் காட்சிவரைக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுத்தில் கொடுத்து, கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.