கேப்சூலுக்குள் மெழுகு ஏன் பிந்தி உறைகிறது: சோதித்துப் பார்க்கும் முறை

நுவரெலியாவில் தை மாத விடியலில் ஹெக்சாடெக்கேன் என்ற மெழுகெண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தால் சொட்டும் விழாது. அதன் உறைநிலை 18 பாகை. அதையே 10 மைக்ரோமீற்றர் துளிகளாக, ஒவ்வொன்றையும் மெல்லிய உறை மூடிய கேப்சூலாக அடைத்துவிட்டால், அதே மேசையில் பெரும்பாலும் திரவமாகவே கிடக்கும். பளிங்கு தொடங்கப் போத்தலில் ஒரு தூசு போதும், முழுவதும் கட்டியாகிவிடும். 1 மில்லிலீற்றரில் அந்த அளவுத் துளிகள் சுமார் 190 கோடி. தூசு சிலவற்றுக்குத்தான் வாய்க்கும்.

சோதனைக்கான கலவைக்கு அதே வகை மெழுகெண்ணெய்களான ஒக்டாடெக்கேன், நோனாடெக்கேன் தலா 5 கிராம் எடுங்கள். 50 பாகையில் 100 மில்லிலீற்றர் 3% ஜெலற்றின் கரைசலில் ஊற்றி, வேகக் கலக்கியால் 10 நிமிடம் அடியுங்கள். அதே சூட்டில் 3% அரபிக்கோந்துக் கரைசல் 100, வெந்நீர் 200 மில்லிலீற்றர் சேருங்கள். 10% அசற்றிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பீ.எச். 4.2க்கு இறக்குங்கள். கலக்கிக்கொண்டே இரண்டு மணி நேரத்தில் 10 பாகைக்குக் குளிரவிடுங்கள். ஜெலற்றினும் கோந்தும் சேர்ந்ததே உறை; அவசரப்பட்டால் அது துளியைச் சுற்றாமல் தனியே திரளும். உறையை இறுக்க 25% குளூட்டரல்டிஹைட் 2 மில்லிலீற்றர் விட்டு இரவு முழுவதும் வையுங்கள். புகைபோக்கிப் பெட்டியும் கையுறையும் கட்டாயம். இறுக்காத உறை 35 பாகையளவில் இளகிவிடும். தேயிலைச் சாயத்தால் இறுக்கலாமே என்று தோன்றும். ஜெலற்றினைப் பிடிக்கும்தான்; ஆனால் சாயம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வராது. கேப்சூல்கள் மிதக்கும், மேலிருந்து அள்ளிக் கழுவுங்கள்.

இனி இரண்டு சோதனைக்குழாய்: ஒன்றில் அடைக்காத கலவை, மற்றதில் கேப்சூல் குழம்பு. இரண்டையும் 45 பாகையில் 15 நிமிடம் வைத்தால் பழைய பளிங்கு மிச்சம் ஏதும் இராது. பின் நிமிடத்துக்கு அரைப் பாகை வீதம் 5 பாகைவரை இறக்கி, 30 செக்கனுக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வரைபாக்குங்கள். வெப்பமானியை உருகும் பனிக்கட்டியில் சரிபாருங்கள். கொதிநீரை நம்பவேண்டாம்: நுவரெலியாவின் 1868 மீற்றர் உயரத்தில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதிக்கும்.

அடைக்காத கலவையின் வரைபு 30 பாகையை அண்டித் தட்டையாகும். கேப்சூலில் அது பல பாகை கீழே தள்ளிப்போகும். பின்னால் சின்ன வளைவு இன்னொன்றும் வரலாம். மெழுகின் சங்கிலி போன்ற மூலக்கூறுகள் முதலில் வரிசை கட்டி, நிலையாக நில்லாமல் தம் அச்சில் சுழலும், பிறகுதான் இறுகும். நீளம் கலந்த சங்கிலிகளுக்குச் சுழல்நிலை இலகு. உறைச் சுவரோரம் முதலில் ஒழுங்காகும் ஒரு படலம் அதை இன்னும் தாங்கும்.

பழைய 30 பாகையிலேயே கேப்சூல் வரைபும் சற்றுத் தட்டையானால் எண்ணெய் கசிந்திருக்கிறது, நுணுக்குக்காட்டியில் பாருங்கள். சூடாக்கும்போது உருகுநிலை அசையக்கூடாது, இந்தப் பருமனில் பிந்துவது உறைதல் மட்டுமே. அதுவும் அசைந்தால் வெப்பமானியைச் சந்தேகியுங்கள். பிந்தல் வேண்டாமென்றால், தூசுபோல் பளிங்கைத் தொடக்கிவைக்கும் ஒக்டாடெக்கனோல் 2% எண்ணெயில் கரைத்துவிட்டு அடையுங்கள்.