குட்டி கேலக்ஸில டார்க் மேட்டர எடை போடுறது எப்படி

டார்க் மேட்டர் கண்ணுக்கு தெரியாது, ஆனா அதோட இழுப்புல நட்சத்திரங்க ஓடுறது தெரியும், அந்த ஓட்டத்த அளந்து எடை கண்டுபிடிக்கிறோம், அவ்ளோதான். பழக டிராகோ நல்ல கேலக்ஸி, நம்ம பால்வீதிய சுத்தி வர்ற குட்டிகள்ல ஒண்ணு. சுமார் 2.5 லட்சம் ஒளியாண்டு தூரம், கேஸ் கிடையாது, தட்டு மாதிரி சுத்தவும் சுத்தாது, ஈசல் கூட்டம் மாதிரி எல்லாம் ஆளுக்கொரு பக்கம் பறக்கும்.

முதல்ல அதுல இருக்க சிவப்பு ஜயன்ட் நட்சத்திரங்களோட ஸ்பெக்ட்ரம், அதாவது ஒளிய நிறம் நிறமா பிரிச்சது, வேணும் (மத்ததெல்லாம் ரொம்ப மங்கல்). 850லேர்ந்து 866 நானோமீட்டர் வரைக்கும் கால்சியம் கோடு மூணு இருக்கும், அது எவ்ளோ நகந்திருக்குன்னு பாத்தா நம்ம பார்வைக் கோட்டுல வேகம் கிடைச்சிரும்.

அடுத்து களை எடுக்கணும், உண்மையான வேலையே இங்கதான். நடுவுல நம்ம பால்வீதி நட்சத்திரங்க வந்து நிக்கும். டிராகோ மொத்தமா நொடிக்கு 290 கிமீ வேகத்துல நம்மள நோக்கி வருது, அதனால இங்க பிரிக்கிறது ஈசி, மத்த கேலக்ஸிக்கு கையா விண்வெளி டெலஸ்கோப் டேட்டால வானத்துல நகர்ற திசையும் சேத்து பாருங்க. அப்புறம் ஜோடி நட்சத்திரம், ஒண்ண ஒண்ணு சுத்துற வேகமும் உள்ள கலந்து எடைய ஏத்தி காட்டும், ஒரு வருஷம் விட்டு மறுபடி அளந்து வேகம் மாறுனத தூக்கிருங்க. 1983ல வானியலாளர் மார்க் ஆரன்சன் இதே டிராகோல வெறும் 3 கார்பன் நட்சத்திரத்த (கார்பன் அதிகமா இருக்க ஜயன்ட்) வச்சு இங்க டார்க் மேட்டர் நிறைய இருக்கும் போலயேன்னு சொன்னப்போ வந்த சந்தேகமே இதான்.

மிச்சம் இருக்க வேகங்களோட சிதறல், அதாவது சராசரிலேர்ந்து எவ்ளோ விலகி பரவியிருக்குன்னு பாருங்க, அளவுப் பிழைய வர்க்கமாக்கி கழிக்க மறக்காதீங்க. டிராகோக்கு நொடிக்கு சுமார் 9 கிமீ வரும். இப்போ எடை = 930 (ஈர்ப்பு மாறிலிலேர்ந்து வர்ற எண்) × சிதறலோட வர்க்கம் × பாதி வெளிச்சம் அடங்குற ஆரம் (பார்செக்ல, 1 பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு, இங்க 200ன்னு வைங்க). 930 × 81 × 200, கிட்டத்தட்ட 1.5 கோடி சூரியன் எடை. அதே இடத்துல வெளிச்சம் ஒன்றரை லட்சம் சூரியன் அளவுக்குத்தான் இருக்கு, அதாவது சூரியன் கணக்குல எடை வெளிச்சத்த விட 100 மடங்கு, வெறும் நட்சத்திரம்னா 1, 2க்கு மேல போகாது. சிதறல் வர்க்கத்துல வர்றதால அதுல 10% தப்புனா எடைல 20% போச்சு. சிதறலே 3, 4 கிமீ இருக்க செக்யூ 1 மாதிரி பொடி கேலக்ஸில ஜோடிங்கள விட்டீங்கன்னா கணக்கே காலி.

சஜிடேரியஸ் மாதிரி பால்வீதி பிச்சு எடுத்துட்டு இருக்க கேலக்ஸிக்கு இந்த ஃபார்முலா போடாதீங்க, அங்க நட்சத்திரங்க நிலையான ஓட்டத்துலயே இல்ல. மையத்துல டார்க் மேட்டர் கூரா குவிஞ்சிருக்கா இல்ல பரவலா இருக்கான்னும் இந்த ஒரு நம்பர் சொல்லாது, அதுக்கு வேற வேற ஆரத்துல எடை போடணும்.